கண்ணாடிக் கதவும் வீட்டு நாயும்



மகாபாரதத்திலே, இந்திரப்பிரத்த நகரில் மயன் அமைத்த மண்டபத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மண்டபத்துட் புகுந்த துரியோதனன் தரையென எண்ணித் தடாகத்தில் விழுந்ததையும், தடாகமென எண்ணித் தரையிலே ஆடையைத் தூக்கிப் பிடித்து நடந்ததையும் நாம் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கின்றோம். ஆனால், அதே மண்டபத்தில் அவனுக்கு நேர்ந்த மற்றோர் இடரை மறந்துவிடுகின்றோம். மூடிக் கிடந்த பளிங்குக் கதவைத் திறந்த வாயில் என்று கருதிச் சென்று, அவன் நெற்றியை மோதிக்கொண்டான். பின்னர் உண்மையாகவே திறந்திருந்த வாயிலை அடைந்தபோது, அதுவும் மூடியதாகவே இருக்கும் என்று அஞ்சித் திரும்பிவிட்டான். வீமனும் தம்பியரும் ஏவலரும் கண்டு நகைத்தனர் என்பது கதை.

வில்லும் கதையும் பயின்ற ஓர் அரசகுமாரனையே பளிங்குக் கதவு இவ்வாறு ஏமாற்றிற்று என்றால், நம் வீட்டு முற்றத்திலே காவலிருக்கும் நாய் ஏமாறுவதில் வியப்பென்ன? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் வீடுகளில் பெருகிவரும் கண்ணாடிக் கதவுகளாலும் யன்னல்களாலும் நாய்களுக்கு நேரும் காயங்கள் பற்றியதாகும். நாய்க்காக வானொலியில் ஒரு பேச்சோ என்று சிலர் எண்ணக்கூடும். நானும் சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறே எண்ணியிருப்பேன். எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே என் எண்ணத்தை மாற்றியது.

நமது பழைய வீடுகளை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். நாற்சார் வீடாயினும், ஓலை வேய்ந்த மண்வீடாயினும், கதவு பலகையால் ஆனது. யன்னலுக்கு மரச் சட்டமும் இரும்புக் கம்பியும் உண்டு. மூடினால் இருட்டு, திறந்தால் வெளிச்சம். கதவு எந்நிலையில் இருக்கின்றது என்பதை மனிதன் மாத்திரமன்றி, ஆடும் மாடும் நாயும் பூனையும் அறிந்திருந்தன. இப்போதோ, வெளிநாடுகளில் வாழும் உறவினர் அனுப்பும் பணத்தினாலும், அவர்கள் கண்டுவந்த வீடுகளின் சாயலினாலும், கிராமங்களிலே கூட அலுமினியச் சட்டத்தில் நகரும் பெரிய கண்ணாடிக் கதவுகள் வந்துவிட்டன. வெளிச்சம் நிறைகின்றது; வீடு அகன்று தோன்றுகின்றது. அதனை நான் குறை கூறவில்லை. எங்கள் வீட்டிலும் அத்தகைய கதவு ஒன்று உண்டு. கனடாவிலுள்ள என் தம்பியின் விருப்பப்படி, 2018 ஆம் ஆண்டு வீட்டைத் திருத்தியபோது, பின்விறாந்தைக்கும் மாமரம் நிற்கும் வளவுக்கும் இடையே அதனை அமைத்தோம்.

கதவு பொருத்திய அன்று, எண்பது வயதைத் தாண்டிய என் தாயார் அதன் முன்னே நெடுநேரம் நின்றார். பின்னர், "மூடியிருக்கோ திறந்திருக்கோ எண்டு தெரியாத கதவு என்ன கதவு, தம்பி?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அக்கேள்விக்குள் முழு விடயமும் அடங்கியிருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

எங்கள் நாயின் பெயர் வீமன். ஊர்நாய்தான், ஏறத்தாழ இருபது கிலோ நிறை. பகல் முழுவதும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். வீமன் விறாந்தைக்கும் வளவுக்கும் இடையே விருப்பம்போல் ஓடித் திரியும். இரவில் கதவை மூடுவோம். மூடிய கண்ணாடியில் வீமனின் மூக்குத் தடங்களும், பேரப்பிள்ளைகளின் கைத்தடங்களும், வளவுத் தூசியும் படிந்திருக்கும். 2019 ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள், வீட்டைத் துப்புரவு செய்தபோது, அக்கண்ணாடியை நானே பத்திரிகைத் தாளினால் துடைத்தேன். கண்ணாடி இருக்கின்றதா என்று கையால் தொட்டுப் பார்க்குமளவிற்குத் துடைத்தேன் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை ஒழுங்கையில் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். பலகாரத்துக்கு எறும்பு வருகின்றதென்று கதவை வழக்கத்துக்கு மாறாக அந்நேரத்தில் மூடியிருந்தோம். உள்ளே படுத்திருந்த வீமன், முதல் வெடி கேட்டதும் எழுந்து, தான் நாள்தோறும் ஓடும் வழியால் வளவை நோக்கி ஓடியது. கண்ணாடி உடைந்த ஓசையை நாங்கள் முதலில் இன்னொரு வெடி என்றே நினைத்தோம். மகாபாரதக் கதையில் நகைத்தவன் வீமன். எங்கள் வீட்டில் மோதியது வீமன். அப்பெயரை வைத்தது நானாதலின் இந்தப் பொருத்தம் எனக்கு நெடுநாள் உறுத்தியது.

முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே பிளந்திருந்தது. அதில் விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்று குத்தி நின்றது. மார்பிலும் காதிலும் கீறல்கள். அந்நேரத்தில் நான் செய்தவை பற்றிப் பின்னர் கூறுவேன். அவற்றுட் பல தவறானவை. இப்போது காரணத்தை ஆராய்வோம்.

நாய் கண்ணாடியைக் காணாமல் ஓடியதா? இல்லை, கண்ணாடி அங்கே இருக்கும் என்று எதிர்பாராமல் ஓடியதா? இரண்டும் என்பதே விடை. எப்போதும் மூடியே இருக்கும் கண்ணாடியை நாய் சில நாட்களுள் அறிந்துகொள்ளும். மூக்கை வைத்து, காலால் தொட்டு, "இவ்வழி இல்லை" என்று அது கற்றுக்கொள்ளும். எப்போதும் திறந்திருக்கும் வாயிலாலும் தீங்கு இல்லை. சில வேளை திறந்தும் சில வேளை மூடியும் இருந்து, இரு நிலையிலும் ஒரே தோற்றமளிக்கும் கதவே ஆபத்தானது. நாய் கண்ணைக் கொண்டு மட்டும் ஓடுவதில்லை. பழகிய தடத்தை நினைவிற் கொண்டும் ஓடுகின்றது. அச்சமோ மகிழ்ச்சியோ மேலிட்டால், நின்று ஆராயும் பொறுமை அதற்கு இராது. நமக்கும் அப்படித்தானே? இருட்டில் மின்விளக்கின் விசையைத் தேடுபவன் கை, அது பழைய இடத்தில் இருக்குமென்றே நீளுகின்றது.

மோதலின் வலிமையையும் சிறிது கணித்துப் பார்ப்போம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவது ஒரு நாய்க்குப் பெரிய காரியமன்று. அவ்வேகத்தில் இருபது கிலோ நிறையுள்ள நாய் ஒரு பொருளில் மோதுவது, இருபது கிலோ அரிசி மூட்டையை ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து அப்பொருளின் மேல் போடுவதற்குச் சமமாகும். சாதாரண யன்னற் கண்ணாடி அதனைத் தாங்குமென்று எதிர்பார்க்கலாகாது. அன்றியும், இன்றைய வீடுகளின் தரை வழவழப்பான மாபிளினால் ஆனது. இறுதி நேரத்தில் கண்ணாடியைக் கண்டுகொண்டாலும், நாயினால் நிற்க இயலாது, நகங்கள் வழுக்கும். எனவே, கதவுக்கு முன்னே தும்பினாலான அகன்ற கால்மிதியை, அடியில் றபர் பதித்ததாக, விரித்து வைத்தல் நன்று. இது நூறு பேருக்குச் சொன்னால் பத்துப்பேர் செய்யும் சிறு காரியம். ஆனால் பயன் பெரிது.

இனி, கண்ணாடியை நாயின் கண்ணுக்குப் புலப்படச் செய்வது எங்ஙனம்? இவ்விடத்தில் நான் செய்த இன்னொரு பிழையைச் சொல்ல வேண்டும். புதிய கண்ணாடி பொருத்திய பின்னர், அபாயத்தின் நிறம் சிவப்பு என்ற எண்ணத்தில், சிவப்பு நாடா வாங்கி, கடைகளிலும் வங்கிகளிலும் கண்டதுபோல, என் கண்ணின் உயரத்தில் இரண்டு கோடுகளாக ஒட்டினேன். மறுவாரமே, கால் ஆறியும் ஆறாததுமாக இருந்த வீமன், நொண்டிக்கொண்டே போய் மீண்டும் அதே கதவில் மூக்கை இடித்தது. நல்லவேளையாக, அப்போது அது நடந்துதான் போயிற்று.

இதனைப் பாடசாலையில் சொல்லி வருந்தியபோது, எங்கள் விஞ்ஞான ஆசிரியை, "சேர், சிவப்பு உங்களுக்குத்தான் அபாயம், நாய்க்கு அது இலையோடை இலை" என்றார். கலைப் பட்டதாரியான எனக்கு அவர் சொன்னது புதிதாயிருந்தது. நிறங்களை வேறுபடுத்தும் கூம்புக் கலங்கள் மனிதக் கண்ணில் மூவகை. நாயின் கண்ணில் இருவகையே. நாய்க்கு நிறமே தெரியாது, கறுப்பும் வெள்ளையுமாகவே உலகைக் காண்கின்றது என்று நாம் சிறுவயதில் கேட்டது சரியன்று. 1989 ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த நைற்ஸ், கைஸ்ற், ஜேக்கப்ஸ் என்னும் ஆய்வாளர்கள், பயிற்றப்பட்ட நாய்களைக் கொண்டு செய்த சோதனைகளை வெளியிட்டனர். நீலத்தை நாய்கள் நன்கு பிரித்தறிகின்றன. ஆனால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நாம் வேறு வேறாகக் கூறும் நிறங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய இடர்ப்படுகின்றன.

இதன் பொருளை எங்கள் விறாந்தையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கு அப்பால் மாமரமும் புல்லும் பச்சையாக நிற்கின்றன. அப்பச்சையின் முன்னே நான் ஒட்டிய சிவப்பு நாடா, எனக்குத் தீயைப்போல் எரிந்தது. வீமனுக்கோ அது மங்கிய இலைநிறத்தின் மேல் மங்கிய இன்னொரு கோடு. போதாக்குறைக்கு, அது வீமனின் தலைக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தது.

எனவே, நீல நாடாவோ வெள்ளை நாடாவோ கொள்ளுங்கள். வளவின் பச்சைக்கு முன்னே நீலம் நிறத்தினால் தனித்து நிற்கும். வெள்ளை ஒளியினால் தனித்து நிற்கும். இரண்டையும் மாறி மாறி ஒட்டுதல் இன்னும் சிறந்தது. நாடா அகலமாக இருத்தல் வேண்டும். நுண்ணியவற்றைக் காணும் கூர்மை நாயின் கண்ணுக்கு நம்முடையதிலும் குறைவு. நாம் 75 அடி தூரத்தில் தெளிவாகக் காண்பதை நாய் ஏறத்தாழ 20 அடிக்கு வந்தே காணும் என்று கணித்திருக்கின்றனர். ஆதலின், அழகுக்காக ஒட்டும் மெல்லிய கோடுகளும் சிறு பூக்களும் பயன்படா. நான்கு ஐந்து சென்ரிமீற்றர் அகலமான பட்டைகளே வேண்டும். நாயை நிற்கவைத்து, அதன் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதென அளந்து, அந்த உயரத்தில் ஒரு பட்டையும், அதற்கு ஒரு சாண் மேலும் கீழும் ஒவ்வொரு பட்டையும் ஒட்டுங்கள். குட்டி நாய் இருந்தால் இன்னும் தாழ்வாகவும் ஒன்று வேண்டும். நகரும் கதவாயின், நகரும் பாதியில் ஒட்டுவது முக்கியம். அப்போதுதான் பட்டை தெரிந்தால் மூடியது, பட்டை விலகினால் திறந்தது என்ற வேறுபாடு நாய்க்குப் புலனாகும். என் தாயார் கேட்ட கேள்விக்கு இந்தப் பட்டையே விடை.

பட்டை ஒட்டிவிட்டால் மட்டும் போதுமா? நாய்க்கு அதன் பொருளைக் கற்பித்தல் வேண்டும். கழுத்துப் பட்டியில் கயிறு கட்டி, மூடிய கதவின் அருகே மெல்ல அழைத்துச் சென்று, கண்ணாடியை விரலால் தட்டி ஓசை எழுப்பி, அது மூக்கை வைத்து அறியும்வரை காத்திருங்கள். பின்னர் கதவைத் திறந்து, "வா" என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். இதனை நாளொன்றுக்குச் சில தடவையாகச் சில நாட்கள் செய்தால், கதவருகே நின்று நம் சொல்லை எதிர்பார்க்கும் பழக்கம் உண்டாகும். மாணவருக்குக் கற்பிப்பதைப் போன்றே இதற்கும் பொறுமை தேவை, அடியினால் பயனில்லை. கதவருகே அடிவாங்கிய நாய், கதவைக் கண்டு மிரளுமேயன்றி, கண்ணாடியைக் கற்றுக்கொள்ளாது.

யன்னல்களின் ஆபத்து வேறு வகையானது. தெருவைப் பார்த்த யன்னலின் கீழே கதிரையோ சோபாவோ கிடந்தால், நாய் அதன்மேல் ஏறி, தபாற்காரரையும் முச்சக்கர வண்டியையும் பிற நாய்களையும் பார்த்துக் குரைக்கும். குரைக்கும்போது முன்னங்கால்களால் கண்ணாடியை அடிக்கும். மெல்லிய யன்னற் கண்ணாடி நூறு அடியைத் தாங்கும். நூற்றோராவது அடியில் உடையும். உடைந்த கண்ணாடியூடாகக் கால் வெளியே சென்று, அச்சத்தினால் அதனை உள்ளே இழுக்கும்போதே ஆழமான வெட்டு ஏற்படுகின்றது. ஆகவே இருக்கையை அப்பால் நகர்த்துங்கள். யன்னலின் கீழ்ப்பாதியை மறைக்குமாறு திரைச்சீலை இடுங்கள், அல்லது ஒளி புகுந்து உருவம் தோன்றாத ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். தெருவைக் காணாத நாய் யன்னலை அடிப்பதும் குறையும். பழைய இரும்புக் கம்பிகளைக் கழற்றாமல் வைத்திருக்கும் வீடுகள் இவ்வகையில் பாக்கியம் செய்தவை.

இரவில் இன்னொரு தொல்லை உண்டு. அறையில் விளக்கெரிய, வெளியே இருள் சூழ்ந்திருக்கும்போது, கண்ணாடி ஆடியாக மாறிவிடுகின்றது. இளம் நாய்கள் தம் உருவத்தையே பகைநாயென்று கருதிப் பாய்வதுண்டு. மாலையானதும் திரையை இழுத்துவிடுவதே இதற்குப் போதுமான மருந்து.

இடியும் வெடியும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாயின் செவி நம் செவியிலும் நுண்ணியது. தீபாவளி, புதுவருடம், கோவில் திருவிழா, திருமண வீடு என்று நம் ஊர்களில் சீனவெடிக்குக் குறைவில்லை. ஐப்பசி கார்த்திகையில் இடிமுழக்கத்துக்கும் குறைவில்லை. வெடிக்கு அஞ்சிய நாய் வெளியே நின்றால் உள்ளே வரவும், உள்ளே நின்றால் வெளியே ஓடவும் முயலும். கண்ணாடியைக் கண்டும் பாயும். அந்நேரத்தில் பட்டையும் பயிற்சியும் பயன்தரா. வெடி தொடங்குவதற்கு முன்னரே, கண்ணாடி இல்லாத அல்லது யன்னல் மூடித் திரையிட்ட ஓர் அறையில், பழகிய சாக்கோ பாயோ விரித்து, அதனைப் படுக்கவிடுங்கள். வீட்டில் ஒருவர் அருகே இருந்தால் நல்லது. வானொலி பாடிக்கொண்டிருப்பதும் உதவும் என்பதை, வானொலியில் இருந்துகொண்டு சொல்வதால் நீங்கள் தவறாகக் கருதமாட்டீர்கள்.

இனிக் கண்ணாடியைப் பற்றி. கண்ணாடி இவ்வளவு தெளிவானதே அண்மைக் காலத்தில்தான். முற்காலத்து யன்னற் கண்ணாடியில் நெளிவும் அலையும் இருந்தன. கண்ணாடி இருப்பதை அந்நெளிவே காட்டிக்கொடுத்தது. 1959 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சென்ற் ஹெலன்ஸ் நகரிலிருந்த பில்கிங்ரன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அறிவித்தது. அம்முறையினால் நெளிவற்ற, பெரிய, மலிவான கண்ணாடிகள் உலகெங்கும் பரவின. நன்மைதான். ஆனால், நெளிவு போனதோடு எச்சரிக்கையும் போயிற்று.

கடைகளிற் கிடைக்கும் கண்ணாடியில் மூன்று வகையை நாம் அறிந்திருத்தல் போதும். முதலாவது சாதாரணக் கண்ணாடி. மெல்ல ஆறவிட்டுச் செய்யப்படும் இது, உடைந்தால் கத்தியைப்போல் நீண்ட கூரிய துண்டுகளாகும். வீமனின் காலில் ஏறியது இவ்வகையே. இரண்டாவது, கடைக்காரர் ரெம்பர் கண்ணாடி எனக் கூறும் பதமிட்ட கண்ணாடி. ஏறத்தாழ 620 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சடுதியாகக் குளிர்விப்பதனால், மேற்பரப்பு நெருக்கப்பட்டும் உட்பகுதி இழுபட்டும் இருக்கும். இது சாதாரணக் கண்ணாடியிலும் நான்கு ஐந்து மடங்கு வலியது. உடைந்தால் கற்கண்டுபோல் சிறு சிறு துண்டுகளாகும். மோட்டார் வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்து தெருவிற் கிடப்பதைக் கண்டவர்கள் இதனை அறிவர். மூன்றாவது, இரு கண்ணாடிகளுக்கு இடையே பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி; வண்டியின் முன்கண்ணாடி இவ்வகையது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும். பிரான்சு நாட்டவரான எட்வார்ட் பெனடிக்ரஸ் என்பவர், தம் ஆய்வுகூடத்தில் தவறி விழுந்த குடுவையொன்று வெடித்தும் சிதறாமல் இருந்ததைக் கண்டு இவ்வகைக் கண்ணாடியை எண்ணினார் என்றும், 1909 ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார் என்றும் வரலாறு கூறும். குடுவையின் உள்ளே உலர்ந்த ஒரு திரவத்தின் படலமே துண்டுகளைப் பிடித்து வைத்திருந்ததாம்.

புதுவீடு கட்டுவோர் தரைவரை நீளும் கதவுகளுக்குப் பதமிட்ட கண்ணாடியையோ அடுக்குக் கண்ணாடியையோ கேட்டு வாங்குங்கள். நமக்குப் பதமிட்டது என்று சொல்லி வேறொன்றைத் தருவோரும் உளர். பதமிட்ட கண்ணாடியைப் பின்னர் வெட்ட இயலாது. வெட்ட முயன்றால் முழுதும் நொறுங்கும். ஆகவே, "அளவைச் சொல்லுங்கள், இப்போதே வெட்டித் தருகின்றேன்" என்று கடைக்காரர் கண்முன்னே வெட்டித் தந்தால், அது பதமிட்டதன்று என அறிந்துகொள்ளலாம். பெரும்பாலும் ஒரு மூலையில் அழியாத சிறு முத்திரையும் இருக்கும். உள்ளே கம்பிவலை பதித்த கண்ணாடி உறுதியானது என்ற எண்ணமும் தவறு. அது தீயைத் தடுக்க அமைந்தது; மோதலுக்குச் சாதாரணக் கண்ணாடியிலும் வலிமை குறைந்தது. உடைந்தால் கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

முன்பே பொருத்திய கண்ணாடியை மாற்றப் பணமில்லாதோர் என்ன செய்யலாம்? கண்ணாடியின் முழுப்பரப்பிலும் ஒட்டும் பாதுகாப்புப் படலங்கள் விற்பனைக்கு உண்டு. அவை உடைவதைத் தடுக்காவிடினும் துண்டுகளைப் பிடித்து வைக்கும். அதுவும் இயலாதெனின், ஊர்த் தச்சரிடம் சொல்லி, இரண்டரை அடி உயரத்தில் ஒரு மரச் சட்டத் தட்டியைச் செய்து கண்ணாடிக்கு முன்னே நிறுத்துங்கள். வரிசையாகப் பூச்சாடி வைத்தாலும் நாய் நேரே ஓடிவரும் வேகம் தணியும். எங்கள் வீட்டில் இப்போது பட்டையும் உண்டு, பூச்சாடியும் உண்டு. பூச்சாடி என் மனைவியின் யோசனை, பட்டையிலும் அழகானது.

இவ்வளவு செய்தும் காயம் நேர்ந்தால்? இங்கேதான் என் தவறுகளைச் சொல்லப் போகின்றேன். வீமனின் காலில் குத்தி நின்ற கண்ணாடியைக் கண்டதும், நான் அதைப் பிடித்து இழுத்துவிட்டேன். உடனே செங்குருதி பீறிட்டது. அத்துண்டே ஒருவகையில் அடைப்பாக இருந்திருக்கின்றது. பின்னர், நம் வீடுகளின் வழக்கப்படி, கோப்பித் தூளை அள்ளி அப்பினேன். இரத்தம் அதனைக் கழுவிக்கொண்டு ஓடியது. நான் மேலும் அப்பினேன். அயல்வீட்டார் துவாயொன்றைச் சுருட்டி இறுக அழுத்தியிராவிட்டால், முச்சக்கர வண்டி வரும்வரை வீமன் உயிரோடிருந்திராது. மிருக வைத்தியர் தையலிடுவதற்கு முன்னர் அக்கோப்பித் தூளைக் கழுவி எடுக்கவே நெடுநேரம் செலவிட்டார். "சேர், கோப்பி எங்களுக்குக் குடிக்கத்தான்" என்று மாத்திரம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆழமாகக் குத்தி நிற்கும் கண்ணாடியை எடுக்கவேண்டாம். அதன் இரு பக்கத்திலும் துணியைச் சுருட்டி வைத்து, அசையாமற் கட்டுங்கள். கண்ணாடி இல்லாத வெட்டின்மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாது அழுத்துங்கள். குறைந்தது ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்தல் கூடாது. துணி நனைந்தால், அதனை அகற்றாமல் அதன்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். அகற்றினால் உறைந்த குருதியும் சேர்ந்து பெயரும். மஞ்சள், கோப்பித் தூள், மண்ணெண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். கழுத்தில் காயமெனின் அழுத்தலாம்; சுற்றி இறுகக் கட்டினால் மூச்சடைக்கும். மார்பிலோ வயிற்றிலோ கண்ணாடி குத்தியிருப்பின், நாயை நடக்கவிடாமல், பலகையிலோ விரிப்பிலோ கிடத்திக் கொண்டுசெல்லுங்கள்.

நாயின் உடலில், நிறையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலீற்றர் குருதியே உண்டு. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு லீற்றருக்கும் குறைவு என்பதாகும். நமக்குச் சிறிதாகத் தோன்றும் இழப்பு அதற்குப் பெரிது. உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய முரசு வெளிறியிருந்தால், ஒரு கணமும் தாமதிக்கலாகாது. செல்லும் வழியில் போர்வையால் போர்த்துச் சூட்டைக் காத்தல் வேண்டும். உணவு கொடுக்கவேண்டாம், மயக்க மருந்து தேவைப்படலாம். மனிதருக்கான வலி மாத்திரைகளும் ஆகா. இபுபுறூபன் போன்றவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எவ்வளவு சாதுவான நாயும் நோவினாற் கடிக்கும். மென்மையான துணிப் பட்டையை அதன் வாயைச் சுற்றி முடிந்து, தாடைக்குக் கீழே ஒருமுறை குறுக்கிட்டு, காதுகளின் பின்னே கட்டுங்கள். வாந்தியெடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் அவ்வாறு கட்டலாகாது. கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சொந்த நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் இட்ட அட்டை வீட்டில் இருந்தால், அந்நேரத்தில் மனத்துக்குப் பேராறுதல்.

சிறு கீறலென்று விட்டுவிடும் காயங்களில் பாதக் காயமே வஞ்சகமானது. பாதத்தின் மெத்தையில் குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. அதனுள் நுண்ணிய கண்ணாடி புதைந்துவிட்டால், மேலே ஆறியதுபோல் தோன்றி உள்ளே சீழ் கட்டும். சில நாட்களின் பின்னர் நாய் நொண்டினாலோ, ஒரே இடத்தை ஓயாமல் நக்கினாலோ, வைத்தியரிடம் காட்டுங்கள்.

இறுதியாக, உடைந்த இடத்தைத் துப்புரவு செய்தல். நாங்கள் அன்றிரவே விளக்குமாற்றால் கூட்டி, எல்லாம் முடிந்ததென்று நினைத்தோம். மூன்றாம் நாள் பேரப்பிள்ளையின் காலில் ஒரு சில்லு ஏறியது. விளக்குமாறு பெரிய துண்டுகளை மட்டுமே எடுக்கும். பின்னர், அறையை இருட்டாக்கி, மின்சூளைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். ஒளிந்து கிடக்கும் சில்லுகள் மின்னும். அவற்றை ஈரத் தாளினாலோ ஈரப் பஞ்சினாலோ ஒற்றி எடுத்து, அத்தாளை எறிந்துவிடுங்கள். நகரும் கதவின் கீழுள்ள அலுமினியத் தவாளிப்பையும், கால்மிதியின் அடியையும் மறவாதீர்கள். வெளியே புல்லுக்குள் விழுந்தவற்றை முற்றாக எடுத்தல் அரிது. ஆதலால் எங்கள் கதவுக்கு வெளியே ஓர் அகலத்துக்கு மேல்மண்ணை வெட்டி அகற்றிப் புதுமண் இட்டோம்.

வீமனுக்குப் பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. மழைக்காலத்தில் அந்தக் கால் சிறிது நொண்டும். வெடிச் சத்தம் கேட்டால் என் தாயாரின் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். கதவு திறந்திருக்கும்போதுகூட, சிலவேளை அதன் முன்னே வந்து நின்று, நீலப் பட்டை இல்லாத வெளியை ஐயத்தோடு பார்த்து, வீட்டில் யாராவது ஒருவர் "போ" என்று சொன்ன பின்னரே வளவுக்குள் இறங்கும்.